பேர் எழுதாத வைத்தியசாலை

உங்களில் பாதிப் பேர் ஊசிக்காரர்கள், பாதிப் பேர் இயற்கை வைத்தியம் படித்த மண்காரர்கள். ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு அறைகளில் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். போன வாரம் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அறையில் இருப்பவர், அந்த அறைக்குப் போகும் நோயாளியை ஓரக்கண்ணால் பார்க்கிறார். அந்த அறையில் இருப்பவர், இங்கிருந்து மாத்திரையோடு வெளியே போகிறவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். பார்த்ததும் எனக்கு வருத்தம் வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகமே இல்லாத ஆஸ்பத்திரியில் நான் என் வீட்டுப் பூனையைக்கூடச் சேர்க்க மாட்டேன்.

ஆனால் சந்தேகப்படவும் ஒரு முறை இருக்கிறது. அது எனக்குப் பிடிபட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். அறிவுரை வேண்டாதவர்கள் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்த் விசிட்டராக எனக்கு முதல் வேலை புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே, திருப்பதி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஊரில் புதிதாகத் திறந்த சுகாதார நிலையத்தில். ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சித்தூர் ஜில்லா முழுசாக அந்தப் பக்கம் போய்விட்டது. அதில் எந்தத் தாலுகா திரும்பி வரும், எந்த ஊர் அங்கேயே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எல்லையைப் பேசி முடிக்கப் பெரியவர்கள் எங்கெங்கோ கூடினார்கள், கலைந்தார்கள். ஊருக்குள் ஜீப் வந்தால் போதும், மக்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

காரணம் உண்டு. வீடு வீடாக வந்து "உங்க வீட்ல இன்னா பாஷை பேசறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. கேட்கிறவன் சர்க்கார் ஆளா, கட்சி ஆளா என்று தெரியாது. தமிழ் என்று சொன்னால் ஒரு கூட்டத்துக்குக் கோபம். தெலுங்கு என்று சொன்னால் இன்னொரு கூட்டத்துக்குக் கோபம். அடுப்படியில் ஒரு பாஷையும் வாசலில் ஒரு பாஷையுமாக வாழ்ந்துகொண்டிருந்த ஜனங்கள் அவர்கள். கடைசியில் பேனா வைத்திருக்கிறவன் யாராக இருந்தாலும் எதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எங்கள் நிலையத்திலோ பேனா இல்லாமல் ஒன்றும் நடக்காது. வந்தவரின் பேர், தகப்பன் பேர், ஊர் எல்லாம் சீட்டில் எழுதினால்தான் மருந்து. வந்தவர்கள் வாய்க்கு வந்த பேரைச் சொல்வார்கள். கம்பவுண்டர் "ராஜம்மா, ராஜம்மா" என்று தொண்டை வறளக் கூப்பிடுவார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தான் சொன்ன பொய்ப் பேர் அந்த அம்மாளுக்கே மறந்துபோயிருக்கும். நான் சத்தியவேடு பக்கத்துப் பெண், தமிழ் பேசுகிறவள் என்பதெல்லாம் எனக்கு உதவவில்லை. ஊராருக்கு நான் ஆந்திரா சர்க்காரின் ஆள். ஆபீசில் இருந்த தெலுங்குக்காரர்களுக்கு நான் அரவக்காரி, அதாவது தமிழச்சி. இரண்டு பக்கமும் சந்தேகத்தைச் சம்பாதித்துக்கொண்டு, வேலை மட்டும் நடக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். பேரைச் சொல்லப்போவதில்லை. பேர் எனக்குக் கடைசிவரை சரியாகத் தெரியவும் தெரியாது. ஊரில் 'மண்ணு சாமி' என்றார்கள். ஒல்லியான ஆள், கதர்த் துண்டு, வெயிலில் வெந்த முகம். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இரண்டு கொட்டகை போட்டார். சிமெண்டுத் தொட்டிகள் கட்டினார். ஏரி மண்ணை ஆழத்திலிருந்து எடுத்து, காயவைத்து, சலித்து, தண்ணீரில் குழைத்து வயிற்றில் பற்றுப் போட்டார். தொட்டித் தண்ணீரில் இடுப்பு முழுக உட்காரவைத்தார். உப்பைக் குறை, புகையிலையை விடு, பட்டினி கிட, கீரை துன்னு என்றார். இயற்கை வைத்தியம் என்று பலகை கூட மாட்டவில்லை.

முக்கியமாக, யாரிடமும் பேர் கேட்கவில்லை. "வயித்த காட்டு" என்பார். "நாக்கை நீட்டு" என்பார். அவ்வளவுதான்.

எங்கள் நிலையத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய கொட்டகை வாசலில் கூட்டம் நின்றது. இதைப் பிறகு பலரும் பலவிதமாக எழுதினார்கள், இயற்கை மேல் ஜனங்களுக்கு இருந்த பற்று என்றெல்லாம். எனக்குச் சிரிப்புத்தான் வரும். அந்த ஜனங்களுக்கு மண்ணின் மேல் பற்று ஒன்றும் இல்லை. பேனாவுக்குப் பயந்து மண்ணுக்குள் போய்ப் படுத்தார்கள்.

அவர் மேல் எனக்கு வந்த சந்தேகம் சாதாரணமானது இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் "உடம்புதான் ஊர்" என்பார். இப்படிப் பதில் சொல்லும் ஆட்களைக் கண்டால் எனக்கு அப்போதும் ஆகாது, இப்போதும் ஆகாது. தமிழும் தெலுங்கும் ஒன்றுபோலப் பேசினார். எது தாய்மொழி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லைக்காரர்கள் அனுப்பிய உளவாளியோ, ஜனங்களோடு பழகி ஆள் கணக்கு எடுக்கிறாரோ என்று தோன்றியது. அவரைப் பிடிக்க நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். தொட்டிகளை எண்ணச் சொன்னேன், எந்தப் பாஷையில் எண்ணுகிறார் என்று பார்க்க. விரலை மடக்கிக்கொண்டு வாய் திறக்காமல் எண்ணினார். சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன், தெலுங்கு வீட்டுப் பருப்புப் பப்பா, தமிழ் வீட்டுக் குழம்பா என்று பார்க்க. பச்சைத் தேங்காயும் ஊறவைத்த வேர்க்கடலையும் தின்றுகொண்டிருந்தார். பச்சைத் தேங்காயை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

எங்கள் டாக்டர் குண்டூர் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். நான் புகார் சொன்னபோது, "வதிலேயண்டம்மா, சேறு பூசினதால செத்தவங்க யாரும் இல்ல" என்றார், விட்டுத்தள்ளுங்கள் என்று. பூசினதால் சாக மாட்டார்கள்தான். பூசிக்கொண்டு படுத்திருக்கும் நேரத்தில் சாவார்களே என்பது என் கவலை.

இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவர் கொட்டகை வந்த பிறகு ஊர்ப் பிள்ளைகளின் சொறி சிரங்கு குறைந்தது. குழியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்கத் தறி மிதிக்கிற நெசவாளிகளுக்கு முதுகுவலியும் மலச்சிக்கலும் ஓயாமல் இருக்கும். அவர்களில் பல பேர் நிமிர்ந்து நடந்தார்கள். சொறி போனது மண்ணால் இல்லை, தினம் குளித்ததால்தான் என்பார் டாக்டர். குளிக்கச் சொல்லி நாங்களும்தானே தொண்டை கிழியக் கத்தினோம், யார் கேட்டார்கள்? அவர் சொன்னதைக் கேட்டார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை தோறும் அவருடைய கொட்டகைக்குப் போக ஆரம்பித்தேன்.

அவருக்கும் என் மேல் அதே அளவு சந்தேகம். முதல் நாளே வாசலில் நிறுத்தி, "பையில் ஊசி இருக்கா?" என்றார். அவர் பார்க்காத நேரத்தில் அவருடைய நோயாளிகளுக்கு நான் ஊசி குத்திவிடுவேன், அப்புறம் குணமானால் பேர் எனக்கு, கெட்டால் பழி அவருக்கு என்று கணக்குப் போட்டிருந்தார். பையைத் திறந்து காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார். கர்ப்பிணிகளைப் பட்டினி போடக் கூடாது என்றேன். போடுவதில்லை என்றார். நான் நம்பவில்லை, அடுப்பில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. கர்ப்பிணிகளை நான் பார்க்கலாம், கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கலாம். ஆனால் கொட்டகைக்குள் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது. சம்மதித்தேன்.

இனி கன்னியம்மா. பல வருஷம் காத்திருந்து கர்ப்பமானவள். புருஷன் மாணிக்கம், நெசவாளி. இந்த ஊர்கள் தமிழ்நாட்டோடுதான் சேர வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களில் முன்னால் நிற்பவன். நல்லவன்தான், ஆனால் காற்றடித்தால் கூட அதில் எந்த ராஜ்யத்துச் சதி இருக்கிறதென்று யோசிக்கிறவன். கன்னியம்மா ஆரம்பத்தில் ஒருமுறை எங்கள் நிலையத்துக்கு வந்து, உண்மைப் பேரையே சொல்லிவிட்டாள். மறுநாள் மாணிக்கம் வந்து நின்றான்.

"நர்சம்மா, அந்தச் சீட்ட கிழிச்சிடுங்க."

"ஏன்ப்பா? கர்ப்பிணிக்குக் குடுக்கிற மாத்திரைதானே?"

"மாத்திரை நீங்களே துன்னுங்க. எங்க பேரு உங்க சர்க்காரு கைல இருக்கத் தேவயில்ல."

அதோடு அவள் வருவது நின்றது. ஏழாம் மாசத்தில் கால் வீங்கியதும் அவளை மண்ணு சாமியிடம் கொண்டுபோய் விட்டான். அங்கே பேர் எழுத மாட்டார்களே.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தபோது கால் வீக்கம் கொஞ்சம், ரத்த அழுத்தம் கொஞ்சம். உப்பு வேண்டாம், படுத்தே இரு என்று அவர் சொல்லியிருந்தார். எங்கள் டாக்டரும் அதையேதான் சொல்லியிருப்பார். அதற்கப்புறம் பெரியம்மை வந்து, அம்மை குத்தும் வேலைக்காக என்னைச் சித்தூர் பக்கம் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த அன்று காலையே, செவ்வாயா புதனா என்றுகூடப் பார்க்காமல் கொட்டகைக்குப் போனேன்.

கன்னியம்மா பாயில் படுத்திருந்தாள். முகம் அப்பம் போல உப்பியிருந்தது. நெற்றியில் ஈரத்துணி.

"இன்னா கன்னியம்மா, எப்படி இருக்கே?"

"தலதான்மா. இடிச்சிக்கினே கீது. மேல் வயித்துல வேற இறுக்கிப் பிடிக்குது. கண்ணுக்கு முன்னால மின்னு மின்னுனு பூச்சி பறக்குது."

இதைக் கேட்டதும் உங்களுக்கு உடம்பு சில்லிட வேண்டும். சில்லிடவில்லை என்றால் இன்று இரவே புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். நான் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். பாதரசம் ஏறக் கூடாத இடத்துக்கு ஏறியிருந்தது. எந்த நேரத்திலும் வலிப்பு வரலாம். வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

"இவளை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றேன்.

அவர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "பயப்படாதீங்க. உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வரும்போது தலை வலிக்கத்தான் செய்யும். நோய் கிளம்பும்போது காட்டுற அடையாளம் அது. இப்போ ஊசி போட்டு அமுக்கினா உள்ளேயே தங்கிடும்" என்றார்.

இந்தக் கோட்பாடு உங்களில் மண்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். சில நோய்களில் அது சரியாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. அன்று எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கி அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன். டாக்டர் சித்தூரில் மீட்டிங்குக்குப் போயிருந்தார், ஜீப்பும் அவரோடு போயிருந்தது. கத்தினால் என்ன ஆகும்? என்னை வெளியே போகச் சொல்வார். கூட்டம் அவர் பக்கம் நிற்கும். நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே கன்னியம்மாவுக்கு வலிப்பு வந்துவிடும். என் புத்தகத்தை அவர் நம்ப மாட்டார். அவருடைய புத்தகத்திலிருந்துதான் அவரைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது.

குரலை இறக்கிக்கொண்டு, "சரிங்க. அழுக்கு வெளியேறும்போது வர்ற தலைவலி உங்க முறைப்படி எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள். மிஞ்சினா மூணு. அப்புறம் தானா இறங்கிடும்."

"கன்னியம்மா, உனக்குத் தலைவலி எப்போ ஆரம்பிச்சுது?"

"வெள்ளிக்கிழமம்மா. அன்னிக்கு கொஞ்சம்தான். நேத்திலேருந்து தாங்க முடியல."

அன்று புதன்கிழமை. அவர் குடத்தைக் கீழே வைத்தார். பாயருகே குந்தி உட்கார்ந்து அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், கணுக்காலை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏமாற்றுகிறேனா, கொட்டகையை மூடவைக்கும் சூழ்ச்சியா என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. நானும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கட்டிலைக் கொண்டாங்கப்பா" என்று கத்தினார்.

கயிற்றுக் கட்டிலில் போட்டு நெடுஞ்சாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். கூப்பிடு தூரம்தான். அதற்குள் யாரோ சொல்லி, தறிக்குழியிலிருந்து எழுந்தபடியே மாணிக்கம் ஓடி வந்தான், தலைமுடியெல்லாம் நூல் பஞ்சு. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டான். எங்கே போகிறோம் என்று கேட்டான். திருப்பதி என்றேன்.

அழுகை நின்றுவிட்டது. "திருப்பதிக்கு வேணாம். திருத்தணிக்குப் போலாம். அது எப்படியும் நம்ம பக்கம் வரப்போற ஊரு."

"திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஆபரேஷன் வசதி இருக்கு."

"உங்களுக்குப் புரியாதும்மா. அங்க போனா புள்ளய அவங்க கணக்குல எழுதிக்குவாங்கோ. எங்க பொறக்குதோ அந்த ராஜ்யத்துத் தலன்னுதான் எண்ணிக்கினு வராங்களாம். ஊரு பூரா போய் நான்தான் சொல்லிக்கினு கீறேன், எவனும் அந்தப் பக்கம் பேரு குடுக்காதீங்கன்னு. நானே என் பொண்டாட்டிய அங்க இட்டுக்கினு போய்ப் படுக்க வெச்சா, என் மூஞ்சில எவன் முழிப்பான்?"

இன்று உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பிறக்காத குழந்தையை எண்ணி எல்லை போடுவார்களா என்று சிரிப்பீர்கள். அன்று அந்த ரோட்டில் நின்றுகொண்டிருந்த யாரும் சிரிக்கவில்லை. கட்டிலைத் தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அப்படியெல்லாம் எண்ண மாட்டார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்வது யார், சர்க்கார் நர்சு. அதனால் சொல்லவில்லை.

"மாணிக்கம், ரோடு ஒண்ணுதான். அந்தப் பக்கம் போனா திருத்தணி, இந்தப் பக்கம் போனா திருப்பதி. எந்தப் பக்கம் போற வண்டி முதல்ல வருதோ, அதுல ஏத்துவோம். கடவுள் விட்ட வழி" என்றேன்.

யோசித்துச் சரியென்றான். நான் கடவுளை இழுத்தது நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான். அவன் புத்தூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான், அங்கிருந்து வரும் வண்டிதான் திருத்தணிக்குப் போகும் என்று. நான் நகரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கன்னியம்மாவின் விரல்கள் தாமாகவே லேசாகத் துடிக்க ஆரம்பித்திருந்தன.

நகரிப் பக்கமிருந்து பஸ் வந்தது. மெட்ராஸிலிருந்து மலைக்கு மொட்டை போட வருகிறவர்களின் பஸ். எல்லோரும் மஞ்சள் துணி, ஒரே கோவிந்தா சத்தம். கையைக் காட்டி நிறுத்தினோம். மாணிக்கம் கட்டில் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த வண்டி பாக்கலாம்மா. ஒரே ஒரு வண்டி."

நான் வாயைத் திறப்பதற்குள் மண்ணு சாமி முன்னால் வந்தார். "மாணிக்கம், இது என்னோட நோயாளி. என் கொட்டகையில என்னிக்காவது உன் பேரை எழுதினேனா? அங்கேயும் எழுத விடமாட்டேன். நானும் கூட வரேன். கையை எடு."

மாணிக்கம் அவரை நிமிர்ந்து பார்த்தான். கையை எடுத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பேர் எழுதாமல் யாரையும் படுக்க வைக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றுவரை சந்தேகம். மாணிக்கத்திடம் உண்மையைச் சொல்வது என் கடமையா? இதை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன், பஸ்ஸில் ஏறினேன். உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் நீங்கள் சொல்லிவிடுங்கள், ஆனால் வண்டியில் ஏற்றிய பிறகு சொல்லுங்கள்.

கடைசி நீளச் சீட்டை யாத்திரைக்காரர்கள் காலி செய்து கொடுத்தார்கள். சத்தமும் வெளிச்சமும் படக் கூடாது என்று சொன்னேன். ஒரு அம்மாள் தன் மஞ்சள் துணியை ஜன்னலில் கட்டி வெயிலை மறைத்தாள். மெட்ராஸிலிருந்து கோவிந்தா போட்டுக்கொண்டே வந்த கூட்டம், அங்கிருந்து திருப்பதிவரை வாய் திறக்கவில்லை. மலை தெரிந்த இடத்தில்கூட எல்லோரும் கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார்கள். கரண்டிக் காம்பில் துணி சுற்றி, வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவே வைக்கத் தயாராக வைத்துக்கொண்டு நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் அவளுடைய நாடியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். பையை நான் திறந்தபோதெல்லாம், ஊசி எடுக்கிறேனா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மேஜை. ஒரு குமாஸ்தா.

"பேரு ஏமிட்டி? ஏ ஊரு?"

மாணிக்கம் மண்ணு சாமியைப் பார்த்தான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பேரு அப்புறம் பார்த்துக்கலாம்..." என்று ஆரம்பித்தார். "பேரு லேகுண்டா எட்லா?" என்றார் குமாஸ்தா, பேர் இல்லாமல் எப்படி என்று. அவர் சொன்னதில் தப்பில்லை, அவர் வேலை அது. மாணிக்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது கன்னியம்மாவின் முகம் ஒரு பக்கமாக இழுத்தது. கண் மேலே செருகியது. கை கால் விறைத்து, உடம்பு வில்லாக வளைந்து உதற ஆரம்பித்தது. நான் கரண்டியைப் பல்லில் கொடுத்து அவளை ஒருக்களித்துப் பிடித்தேன். குமாஸ்தா பேனாவைப் போட்டுவிட்டு உள்ளே டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

மாணிக்கம் கத்த ஆரம்பித்தான்.

"ராசுகோண்டய்யா! ராசுகோண்டி! பேரு கன்னியம்மா! என் பேரு மாணிக்கம், எங்க நைனா பேரு துரைசாமி! இன்னா ஜாதி, எத்தினி தறி, எல்லாம் சொல்றேன், எழுதிக்கங்க! தெலுங்குன்னு எழுதிக்கங்க சாமி, ஆந்திரான்னு எழுதிக்கங்க, இன்னா வேணா எழுதிக்கங்க, அவள மட்டும் உள்ள இட்டுக்கினு போங்க!"

அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்து அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. மேஜையில் ஆள் இல்லை. அவன் மட்டும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துப் பாட்டன் பேர், ஊர்ப் பேர், தெருப் பேர் என்று சொல்லிக்கொண்டே இருந்தான், தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. எத்தனையோ சாவுகளைப் பார்த்து அழாதவள் நான். அந்த வராந்தாவில் நின்று அழுதேன்.

உள்ளே நடந்த வைத்தியம் உங்களுக்கே தெரியும், சொல்லத் தேவையில்லை. கன்னியம்மா பிழைத்தாள். பெண் குழந்தை, கைக்குள் அடங்கும் அளவு, அதுவும் பிழைத்தது. வலிப்பினால் தாய்க்கு இரண்டு மூன்று நாள் கண் தெரியாமல் இருந்து, பிறகு திரும்பிவிட்டது. அதுவரை மாணிக்கம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு மூக்கு எப்படி, காது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகும்போது பிறப்புப் பதிவுக்காகக் குழந்தையின் பேரைக் கேட்டார்கள். "இன்னும் வெக்கல" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பயம் தெளிந்ததும் சந்தேகம் திரும்பிவிட்டது. எல்லையும் பிறகு ஒருவழியாக முடிவானது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. மாணிக்கத்தின் மகளை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

வலிப்பு வந்த அன்று சாயங்காலம் மண்ணு சாமி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"தலை வலிக்குதுன்னு அவ முதல்ல என்கிட்டதான் சொன்னா. வெள்ளிக்கிழமை. நான் ஈரத்துணி போட்டேன்" என்றார்.

ஆறுதல் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆகவில்லை. கொட்டகைக்குள் நுழையும்போது என் கையில் ஸ்பிரிட் வாசனை வருகிறதா என்று அவர் பார்ப்பார். அவருடைய தொட்டித் தண்ணீர் இன்று மாற்றியதா, நேற்று மாற்றியதா என்று நான் முகர்ந்து பார்ப்பேன். ஆனால் பேர் எழுதப் பயப்படுகிறவர்களை அவர் உள்ளே இழுத்தார், அவர்களில் யாருக்கு மண் போதாது என்று நான் பார்த்தேன். எனக்கு அவரை விட்டால் அந்த ஜனங்களிடம் போக வேறு வழியில்லை. உங்களை ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த அறைக்காரரின் வேலையைச் சந்தேகத்தோடு பாருங்கள், உங்கள் வேலையை அவர் பார்க்கட்டும், நோயாளி மட்டும் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே தடையில்லாமல் போய்வரட்டும்.

ஒரு கோடையில், உச்சி வெயிலில், மண்ணு சாமி ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு நடத்திக் கூட்டிவந்தார். அதுவரை அவர் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. காலையிலிருந்து தலைவலி என்றார். பட்டை கட்டிப் பார்த்தேன். ரத்த அழுத்தம் சரி, வீக்கம் இல்லை, மூத்திரம் சுத்தம். வெயிலில் நின்று பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மோர் கொடுத்து நிழலில் படுக்க வைக்கச் சொன்னேன். "தலநொப்பிக்கே இங்கே வரைக்கும் நடந்து வந்தீங்களா சாமி?" என்று டாக்டர் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா பாத்தீங்களா நர்சம்மா? நிஜமாவே ஒண்ணுமில்லியா? இல்ல, சேத்துக்காரன் கொண்டுவந்த கேசுன்னு தள்ளிவிடறீங்களா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டையை அவிழ்த்து, அந்தப் பெண்ணின் இன்னொரு கையில் முதலிலிருந்து கட்டினேன். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவர் காதில் மாட்டி, "நீங்களே கேளுங்க" என்றேன்.